கொம்பில் கொட்டும் நெல்

மழை மூன்றாம் வருஷமும் ஏமாற்றிவிட்ட ஆவணி மாதத்தில், குவிரன் தன் குருவிடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோனார்.

"வளத்தை எப்படிச் செதுக்குவது, அம்மை?"

குவிரன் முத்திரை வெட்டுகிறவர். வணிகர்கள் பொதிமேல் குத்தும் முத்திரை, விரலில் போடும் மோதிர முத்திரை, எல்லாம் அவர் கைதான். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குரு அவரைவிடப் பத்து வயது இளையவள். ஒரு காலத்தில் உப்பு வண்டியோடு ஊர் ஊராக நடந்தவள். ஒருநாள் வண்டியையும் மாட்டையும் அப்படியே விட்டுவிட்டு, பட்டினத்துக் கோடியில் பாழாய்க் கிடந்த உப்புக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நாலு வீட்டார் கொண்டுவந்து வைப்பதைச் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். ஊர் அவளை உப்பம்மை என்றது.

நரைத்த தலையோடு ஒரு ஆள் உப்புக்காரி முன்னால் கைகட்டி நிற்கிறான் பார் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மழை பெய்த காலத்திலேயே அந்தக் கடைத்தெருவுக்கு வேறு வேலை கிடையாது.

"யாருக்குச் செதுக்க வேண்டும்?" என்று அம்மை கேட்டாள்.

"பட்டினத்தை ஆளும் வேளுக்கு."

"அவருக்கு எதற்கு வளம்? களஞ்சியம்தான் அவரிடம் இருக்கிறதே."

"காசு அடிக்கப் போகிறாராம். செப்புக் காசு. அச்சு என்னை வெட்டச் சொல்கிறார்."

அந்தக் களஞ்சியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளைந்த வருஷங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் கொண்டுபோய்க் கொட்டிய நெல் அது. பஞ்சம் வந்தால் திருப்பித் தருவதாகப் பேச்சு. பஞ்சம் வந்துவிட்டது. ஆனால் வடக்கே உள்ள துறைமுகங்களில் நெல் விலை ஏறிவிட்டது என்ற சேதியும் கூடவே வந்துவிட்டது. வேளுக்கு இரண்டு சேதியில் எது காதில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேளின் அமைச்சர் காவிதி, குவிரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"நெல்லுக்குப் பதில் வீட்டுக்கு ஒரு காசு தரப்போகிறோம். ஒரு பக்கம் வேளின் யானை. மறுபக்கம், யவனக் காசுகளில் பார்த்திருப்பீரே, ஒரு பெண், அவள் கையில் பெரிய ஆட்டுக்கொம்பு, கொம்பு வழியத் தானியம். அதே மாதிரி. அங்கே கோதுமை, இங்கே நெல் போட்டுவிடும். தை பிறந்து காசைக் கொண்டுவருகிறவருக்கு ஒரு மரக்கால் நெல் என்று முரசு அறைந்துவிடுவோம்."

"தையில் நெல் இருக்குமா?"

"எதற்கு இருக்க வேண்டும்? காசை எவன் திருப்பிக் கொண்டுவரப் போகிறான்? திருமகள் வந்திருக்கிறாள் என்று மஞ்சள் தடவி நெல் குதிருக்குள் போட்டு மூடிவிடுவான் நம் ஆள்."

காவிதி சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பட்டினத்தில் குதிர் ஒழிந்துபோனால் ஒழிந்தது என்று சொல்ல மாட்டார்கள். ஒரு காசை மஞ்சள் தடவி உள்ளே போட்டுவிட்டு, கேட்பவரிடம் "குதிர் இருக்கிறது" என்பார்கள். போட்ட காசை வெளியே எடுப்பது குடிகேடு. செத்தாலும் எடுக்க மாட்டார்கள். செத்தும் இருக்கிறார்கள்.

"உமக்குக் கூலி ஐந்து கலம்," என்றார் காவிதி. "காசு இல்லை. நெல்லாகவே."

குவிரன் வீட்டில் மனைவி சேந்தி இருந்தாள். செத்துப்போன மகனின் பெண் குழந்தை இருந்தது, மூன்று வயது. புளியங்கொட்டையை ஊறவைத்து, அவித்து, இடித்து அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை முதலில் துப்பியது. பிறகு அழுதது. நாலு நாளாக அழவில்லை. அதுதான் சேந்தியைப் பயமுறுத்தியது.

எல்லாவற்றையும் குவிரன் ஒன்றுவிடாமல் சொல்லிமுடித்தார். அம்மை ஒரு குச்சியால் தரையில் இருந்த உப்புப் பொருக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எப்படிச் செதுக்குவது என்றா கேட்டீர்?"

"ஆமாம்."

"நாற்பது வருஷமாக உளி பிடிக்கிற ஆளுக்கு அது தெரியாதா?"

குவிரன் உள்ளங்கையில் இருந்த உளித் தழும்பைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி. யவனச் சேரியில் ரூபன் இருக்கிறானே, மதுச் சாடிகளைக் காவல் காக்கிறவன். அவனிடம் போம். அவன் ஊர்க் காசுகளைக் காட்டச் சொல்லும். ஒவ்வொன்றும் அடித்த வருஷத்தில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வாரும்."

ரூபனுக்கு அவன் ஊரில் ரூபுஸ் என்று பெயர். நம் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. கப்பலில் வந்தவன் காய்ச்சலில் படுத்தான், எழுந்து பார்த்தால் கப்பல் போயிருந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷமாக மதுச் சாடிகளுக்கு நடுவில் படுத்துக்கிடந்தான். தலையில் ஒரு முடி மிச்சமில்லை. இடுப்புத் துணியில் மூன்று செப்புக் காசு முடிந்து வைத்திருந்தான். பொன் என்றால் எப்போதோ போயிருக்கும். யவனச் செம்பை இங்கே யாரும் தொடுவதில்லை, அதனால் தங்கியிருந்தது.

முதல் காசில் இரண்டு கொம்புகள் குறுக்கே கிடந்தன. இரண்டிலும் பழம் நிறைந்து, பழத்துக்கு நடுவே ஒவ்வொரு குழந்தைத் தலை எட்டிப்பார்த்தது.

"ராஜா வீட்டு இரட்டைப் பிள்ளைகள்," என்றான் ரூபன். "இனி எல்லாம் பொங்கும் என்று அடித்தார்கள். என் தாத்தா சொன்னார்."

"பொங்கியதா?"

"கொஞ்ச நாளில் அப்பன் போய்விட்டான். பின்னாலேயே ஒரு பிள்ளை. இன்னொன்றை வளர்த்து, அப்புறம் கொன்றார்கள்."

இரண்டாவது காசில் மரக்கால் போல ஒரு அளவுப் பாத்திரம். விளிம்புக்கு மேலே மூன்று கதிர் நிமிர்ந்து நின்றது.

"இது?"

"எங்கள் நகரத்துக்குத் தானியம் கடல் தாண்டி வரவேண்டும். அந்த வருஷம் வரவில்லை. அம்மா வரிசையில் நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அளக்கிறவன் பாத்திரத்துக்குள் அடியில் ஒரு கட்டை வைத்திருந்தான். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் என் தங்கை இருந்தாள்." ரூபன் காசைத் திருப்பி வைத்தான். "அந்தக் கட்டை அளவுக்குத்தான் அவளுக்குக் குறைந்தது. அதிகம் இல்லை."

மூன்றாவது காசில் ஒரு பெண். கையில் கதிர், தோளில் கொம்பு, பின்னால் கப்பல்.

"இந்த வருஷமாவது கப்பல் வந்ததே," என்றார் குவிரன்.

"நன்றாகப் பாரும். கப்பலின் மூக்கு மட்டும்தான் இருக்கிறது. மீதி வரவில்லை." ரூபன் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். "எங்கள் தெருவில் இப்படித்தான் சொல்வோம்."

"நல்ல விளைச்சல் வந்த வருஷத்துக் காசு ஒன்றுகூட இல்லையா?"

"இருக்கும். அதில் தானியம் இருக்காது. ராஜா மூஞ்சி இருக்கும், சண்டையில் ஜெயித்த கதை இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறவனுக்கு எதற்கய்யா கதிரைக் காட்ட வேண்டும்?"

குவிரன் மரக்கால் காசை மறுபடி எடுத்து வெயிலில் பிடித்தார். தொழில்காரன் புத்தி எங்கே போகும்? கதிரின் முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பாவி, என்ன கை!

"இதை வெட்டியவன் அந்த வருஷம் சாப்பிட்டிருப்பானா?" என்று கேட்டார்.

ரூபன் யோசித்தான். "கூலி கொடுத்திருப்பார்கள்," என்றான்.

மறுநாள் காலையில் குவிரன் குருவின் முன்னால் நின்றபோது முகத்தில் தெளிவு இருந்தது. ராத்திரி முழுக்க யோசித்திருந்தார்.

"தெரிந்துகொண்டேன், அம்மை. இல்லாத வருஷத்தில்தான் இருக்கிறது என்று அடிக்கிறார்கள். நான் அந்தப் பொய்யை வெட்ட மாட்டேன்."

"உம் பேத்தி?"

"அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். அச்சை வெட்டுவேன். பெண் இருப்பாள், கொம்பு இருக்கும். கொம்பில் ஒரு மணி இருக்காது. வெறுங்கொம்பு. ஏமாற்று என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்."

"தெரியுமா?"

"கண் உள்ளவர்களுக்கெல்லாம் தெரியும். மஞ்சள் தடவுவதற்குக் கையில் எடுக்கத்தானே வேண்டும்? வெறுங்கொம்பைக் குதிரில் போட எவளுக்கு மனசு வரும்? காசைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரும் களஞ்சியத்துக்கு ஓடுவார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் ஊர் கேட்டுவிடும்."

"வேள் பார்த்துவிட்டால்?"

"அவர் பார்க்க மாட்டார். அவர் யானையைத்தான் பார்ப்பார்."

"பேத்திக்குக் கஞ்சியும் ஆயிற்று, ஊருக்கு நியாயமும் ஆயிற்று."

"ஆமாம், அம்மை."

"கெட்டிக்காரர்தான்," என்றாள்.

குவிரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டு நாள் வெட்டினார். அவர் ஆயுளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. பெண்ணின் சேலை மடிப்பு காற்றில் அசைவதுபோல் இருந்தது. கொம்பின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. வேண்டுமென்றே அகலமாக வெட்டினார். வாய்க்குள் ஒன்றும் இல்லை என்பது குருடனுக்கும் தெரிய வேண்டும் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

வேள் மத்தியானச் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குவிரன் முதல் காசை அடித்து நீட்டினார். வேள் யானையைப் பார்த்தார். திருப்பினார். சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"கொம்பில் ஒன்றும் இல்லையே."

காவிதி எட்டிப்பார்த்தார்.

"ஆமாம், காலி," என்றார் காவிதி. "என்னய்யா வேலை இது?"

குவிரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேள் கையைக் காட்டி நிறுத்தினார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"இருக்கட்டும்," என்றார். "அவர்களே போட்டுக்கொள்வார்கள்."

ஐந்து கலம் நெல் அன்று மாலையே வீட்டுக்கு வந்தது. சேந்தி பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நெல் குத்தினாள். சத்தம் தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று உலக்கைப் பூணில் பழந்துணியைச் சுற்றியிருந்தாள். குவிரன் பார்த்தார். குழந்தை கஞ்சியைக் குடித்து வாந்தியெடுத்தது, மறுபடி குடித்தது, விடிவதற்குள் வாய்விட்டு அழுதது. தங்கள் பங்குக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, அந்த அழுகையைக் கேட்டுக் கிழவன் கிழவி இரண்டு பேரும் அழுதார்கள்.

காலையில் சேந்தி, குவிரன் அடித்துக் கொண்டுவந்திருந்த காசு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"இதென்ன, கொம்பு காலியாக இருக்கிறதே? நெல்லைப் போட மறந்துவிட்டீர்களா?"

குவிரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "தெரிகிறதா? உனக்குத் தெரிகிறதா?"

"தெரியாமல் என்ன? வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது."

அப்படியென்றால் ஊருக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

களஞ்சியத்து வாசலில் கூட்டம். முரசு அறைந்தார்கள். வீட்டுக்கு ஒன்று என்று காசு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மாத்தி, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குவிரனைத் தேடி ஓடி வந்தாள். நெசவு செய்கிற பெண். புருஷன் பஞ்சத்தின் முதல் வருஷத்திலேயே பிழைப்புத் தேடிப் போனவன் திரும்பவில்லை.

"அண்ணே, உங்கள் கை பொன்னான கை! நெல் எப்படிக் கொட்டுகிறது பாருங்கள்!"

கேலி செய்கிறாள் என்று நினைத்தார். முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை.

"எங்கே கொட்டுகிறது?"

"இதோ. கொம்பு கொள்ளவில்லை. கீழே அம்மன் காலடியில்கூடச் சிதறியிருக்கிறதே. இந்தச் சின்னவன் அதைப் பொறுக்க வருகிறான், அண்ணே!"

சின்னவன் உண்மையாகவே காசின்மேல் விரலை வைத்துக் கிள்ளிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு பரதவர் தன் காசில் மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தொன்று வரை வந்திருந்தார்.

குவிரன் கத்தினார். "ஒரு மணி கிடையாது! நன்றாகப் பாருங்கள்! வெறுங்கொம்பு! வெட்டின நானே சொல்கிறேன்!"

"என்ன பேச்சு பேசுகிறீர்?" என்று பரதவர் சீறினார். "பெரியவராயிற்றே என்று பார்க்கிறேன். விளக்கு வைக்கிற வீட்டில் இல்லை என்று சொல்வாரா யாராவது?"

"களஞ்சியத்தில் நெல் இருக்கிறது. உங்கள் நெல். போய்க் கேளுங்கள். நாளைக்குக் கப்பலேறிவிடும்!"

"வாயைக் கழுவும், ஐயா," என்றாள் ஒரு கிழவி. "வீடு தேடி வந்தவளை விரட்டுகிறானே, கடங்காரன்."

அன்று பட்டினத்தில் மஞ்சள் கிடைக்கவில்லை. அவ்வளவு குதிர்கள் மூடப்பட்டன. மறுநாள் மூன்று கப்பல் நெல் வடக்கே போனது. கரையில் நின்றவர்கள் நல்ல காற்று என்று சொன்னார்கள்.

பத்து நாளில் மாத்தியின் சின்னவன் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு மாத்தி, "குதிர் இருக்கிறது," என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் சேந்தி உலக்கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றாள். அழுகை ஓய்ந்த பிறகு மறுபடி குத்தினாள்.

குவிரன் காசை எடுத்துக்கொண்டு உப்புக் கொட்டகைக்கு நடந்தார். காசு கொடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. தோற்ற முகத்தைக் காட்ட வெட்கம், அப்புறம் கோபம். வழியெல்லாம் ஊரைத் திட்டிக்கொண்டே போனார்.

அம்மை சுவரில் சாய்ந்திருந்தாள். வாரும் என்று சொல்லவில்லை.

"இந்த ஊருக்குக் கண் அவிந்துபோயிற்று, அம்மை," என்றார் குவிரன். "இவ்வளவு பெரிய வாயை வெட்டி வைத்தேன். ஒரு சனத்துக்குத் தெரியவில்லை. இல்லாத நெல்லை உட்கார்ந்து எண்ணுகிறார்கள். சாகட்டும். இவர்களுக்காகவா நான் பயந்து பயந்து அச்சு வெட்டினேன்?"

"காட்டும்," என்று அம்மை கையை நீட்டினாள்.

காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல நெல்," என்றாள்.

"அம்மை!"

"முற்றின நெல். கொம்பு கொள்ளாமல் வழிகிறது."

"விளையாடாதீர்கள். வயிறு பற்றி எரிகிறது எனக்கு."

"விளையாடவில்லை."

"அதில் ஒன்றுமே இல்லை, அம்மை! நான் வெட்டவே இல்லை!"

"காலி என்று கண்டவர்கள் யார் யார்?"

"வேள் கண்டார். காவிதி கண்டார். சேந்தி கண்டாள். நான்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் இல்லை."

"நாலு பேரும் அன்றைக்குச் சாப்பிட்டிருந்தீர்களா?"

குவிரன் தோள் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

அம்மை காசை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.

"நான் சாப்பிட்டு இன்றோடு ஆறு நாள், குவிரரே. வரும்போது ஒரு பிடி நெல் கொண்டுவந்திருந்தீரானால், எனக்கும் அது காலியாகத்தான் தெரிந்திருக்கும்."